ஹை-ஃபை கண்காட்சியில் பாடவைத்துப் பதிந்து உடனே போட்டுக் காட்டுவது எதை நிரூபிக்கிறது?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஒரு ஹை-ஃபை (உயர்தர ஒலிக்கருவிகள்) கண்காட்சி அறையில் ஒரு பாடகியும் கிதார் வாசிப்பவரும் ஒலிபெருக்கி இல்லாமல் பத்து நிமிடம் நிகழ்த்தினார்கள். அதை அங்கேயே பதிந்து, அதே அறையில் இருந்த ஸ்பீக்கரில் உடனே போட்டுக் காட்டினார்கள். கண்ணை மூடினால் ஆள் எதிரே இருப்பதுபோலவே இருந்தது. இதை நம்பி அந்த ஸ்பீக்கரை வாங்கலாமா, இதில் ஏதாவது வித்தை உண்டா என்று கேட்கிறீர்கள். உங்கள் இசைக்குழு இப்படி ஒன்றை நடத்துவதானால் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். அந்தப் பத்து நிமிடத்தில் உண்மையில் சோதனைக்கு உள்ளானது எது?

என் பதில்: முதலில் மைக் வைத்த இடம், அடுத்து அறை, அதற்கடுத்து வால்யூம் குமிழ், அதன் பிறகுதான் ஸ்பீக்கர். வித்தை என்று சொல்லுமளவுக்கு யாரும் பொய் செய்ய வேண்டியதில்லை. மைக்கை 40 செ.மீ. முன்னே பின்னே நகர்த்தினால் வரும் வித்தியாசம், இரண்டு நல்ல ஸ்பீக்கர்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரிது. ஆனாலும் இந்தக் காட்சியில் ஒரு ஸ்பீக்கரால் மறைக்கவே முடியாத சில குறைகள் உண்டு. அவற்றைத் தேடிப் போனால் இதைவிடப் பயனுள்ள சோதனை கிடைப்பது அரிது.

இந்த விளையாட்டு புதிதல்ல. 1915 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எடிசன் நிறுவனம் ஊர் ஊராக இதைத்தான் செய்தது. மேடையில் பாடகி பாடிக்கொண்டே இருப்பார், விளக்கு அணையும், ஒரு கட்டத்தில் அவர் வாயை மூடிக்கொள்ள இசைத்தட்டு தொடரும், அவையோர் கண்டுபிடிக்க முடியவில்லை என்று செய்தி வரும். அந்தக் காலத்து இசைத்தட்டில் மைக்கும் இல்லை, மின்சாரமும் இல்லை. குழலுக்குள் பாடிப் பதிந்தவை அவை. அதை நிஜக் குரலோடு குழப்பிக்கொண்டார்கள் என்றால், பாடகர்கள் தங்கள் குரலை இயந்திரத்தின் குரலுக்கு ஏற்ப அடக்கிப் பாடியதும் ஒரு காரணம். இன்றைக்கும் கண்காட்சியில் பாடுகிறவர் ஒத்திகையில் ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டு, தன்னை அறியாமலே அதற்கு இசைந்து பாடுவது நடக்கும்.

நேர்மையாகச் செய்தவர்களும் உண்டு. வார்ஃப்டேல் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ் 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலிலும், 1955இல் நியூயார்க் கார்னகி ஹாலிலும் நேரடி இசையையும் பதிவையும் மாறி மாறிக் கேட்கச் செய்தார். பிறகு அகூஸ்டிக் ரிசர்ச் என்ற இன்னொரு ஸ்பீக்கர் நிறுவனத்தின் எட்கர் வில்ச்சர், ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவை வைத்து இதையே செய்தார். இசைஞர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஸ்பீக்கருக்கு மாற்றுவார்கள். அவர்கள் வில்லை நரம்பில் படாமல் இழுத்துக்கொண்டிருப்பார்கள். வில்ச்சர் செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. ஸ்பீக்கரில் போட்ட பதிவை அவர் அந்த அரங்கில் எடுக்கவில்லை. அறையின் எதிரொலி சேராத விதத்தில் தனியாகப் பதிந்து வந்தார். ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஒரு அறையில் பாடும்போது உங்கள் காதுக்கு இரண்டு வகை ஒலி வருகிறது: வாயிலிருந்து நேராக வருவது, சுவர், கூரை, தரை என்று மோதித் திரும்பி வருவது. மைக்கும் இரண்டையும் பிடிக்கிறது. அந்தப் பதிவை அதே அறையில் போட்டால், பதிவுக்குள் இருக்கும் அறையின் மீது நிஜ அறை இன்னொரு முறை ஏறிக்கொள்கிறது. ஆக, அறை இரண்டு தடவை ஒலிக்கிறது. பாடகி கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டதுபோல, சொல்லின் விளிம்பு மழுங்கியதுபோலத் தோன்றுவது இதனால்தான். ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. உலகின் எந்த ஸ்பீக்கரும் இதைத் தீர்க்காது.

இதற்குக் கணக்கு உண்டு. நேர் ஒலியும் அறை ஒலியும் சமமாகும் தூரத்தை நெருக்கடித் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அறையின் கன அளவை (கன மீட்டரில்) எதிரொலி அடங்கும் நேரத்தால் (வினாடியில்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.057ஆல் பெருக்கினால் அது மீட்டரில் கிடைக்கும். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை 144 கன மீட்டர். எதிரொலி அடங்க 0.6 வினாடி என்றால் நெருக்கடித் தூரம் வெறும் 90 செ.மீ. எல்லாத் திசையிலும் கேட்கும் ஆம்னி மைக்குக்கு இந்தக் கணக்கு. முன்பக்கம் மட்டும் கூர்மையாகக் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்கு இதை 1.7ஆல் பெருக்கலாம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். மனிதக் குரலும் முன்பக்கமாகவே அதிகம் பாய்வதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனாலும் மைக்கை மூன்று மீட்டர் தள்ளி, பார்வையாளர் உட்காரும் இடத்தில் வைத்து, “காது கேட்பதையே மைக்கும் கேட்கட்டும்” என்று நினைப்பது தவறு. அழகான எண்ணம்தான், விளைவு குளியலறைக் கச்சேரி. காதுக்கும் மூளைக்கும் நேர் ஒலியை அறை ஒலியிலிருந்து பிரித்தெடுக்கும் திறன் உண்டு, இரண்டு ஸ்பீக்கர் வழியாக வந்த பிறகு அந்தப் பிரிப்பு பெரும்பாலும் போய்விடுகிறது.

அப்படியானால் வாயருகே 10 செ.மீ.இல் வைத்துவிடலாமே என்றால் வேறு தொல்லை. கார்டியாய்டு மைக் அரை மீட்டருக்குள் வரும்போது கீழ்ச்சுரங்களைப் பெருக்கும். குரல் வானொலி அறிவிப்பாளர் குரலாகத் தடிக்கும். உதட்டுச் சத்தம், மூச்சு எல்லாம் பெரிதாகும். கிதாரின் துளைக்கு நேரே வைத்தால் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பெட்டியின் முழக்கம் மட்டும் வரும், நரம்பு வராது. கருவி ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்க இடம் வேண்டும். வயலின் ஒரு சுரத்தை மேல்நோக்கியும் இன்னொன்றைப் பக்கவாட்டிலும் வீசும். மிருதங்கத்தின் இரு முகங்களும் இரு திசையில் பேசும். இருவர் மட்டும் நிகழ்த்தும் சிறு அறைக்கு 1 மீட்டர் முதல் 1.3 மீட்டர் வரை நல்ல தொடக்கம். உயரம் வாய்க்கும் கிதாருக்கும் நடுவே, உட்கார்ந்து பாடினால் தரையிலிருந்து ஒரு மீட்டரை ஒட்டி. குரல் கிதாரை அமுக்கினால் மைக்கைத் தாழ்த்துங்கள், குமிழைத் தொடாதீர்கள்.

ஸ்டீரியோவுக்கு எத்தனையோ முறைகள் உண்டு. 1931இல் ஆலன் பிளம்லைன் காப்புரிமை கோரிய முறை, எட்டு வடிவ மைக் இரண்டை ஒரே புள்ளியில் 90 பாகையில் வைப்பது. மிக அழகான ஒலிப்படம் தரும், ஆனால் பின்பக்கத்தையும் அதே அளவு பிடிப்பதால் இருமல், நாற்காலி எல்லாம் சேர்ந்து வரும். கண்காட்சிக்கு நான் சொல்வது ஓஆர்டிஎஃப்: இரண்டு கார்டியாய்டு, முனைகளுக்கு இடையே 17 செ.மீ., கோணம் 110 பாகை. பிரெஞ்சு வானொலியில் உருவான இந்த அமைப்பு ஏறத்தாழ 95 பாகை அகலமுள்ள மேடையை இரு ஸ்பீக்கருக்கு நடுவே விரிக்கும். மைக் 1.2 மீட்டரில் இருக்க, இரு கலைஞர்கள் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்தால் அவர்கள் அடைக்கும் கோணம் 64 பாகை, சரியாக அமையும். அதே இருவர் மூன்று மீட்டர் விலகி உட்கார்ந்தால் 100 பாகையைத் தாண்டிவிடும். ஒருவர் இடது ஸ்பீக்கருக்குள்ளும் மற்றவர் வலது ஸ்பீக்கருக்குள்ளும் ஒட்டிக்கொள்வார்கள், நடுவில் வெற்றிடம். இதைப் பார்த்து ஸ்பீக்கரின் மேடை விரிவு பிரமாதம் என்று பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

அடுத்தது ஒலி அளவு. இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம், ஏமாற்றுகிறவர்கூட அறியாமல். ஒரே இசையை ஒரு டெசிபல் கூட்டிப் போட்டால் காது அதைச் சத்தம் கூடியதாக உணராது. தெளிவு கூடியதாக, உயிர் வந்ததாக உணரும். நிஜத்தைவிட இரண்டு டெசிபல் கூட வைத்தால் பதிவு நிஜத்தையே மிஞ்சியதாகக் கூட்டம் கைதட்டும். ஆகவே அளவைக் காதால் சரிசெய்யக் கூடாது. பாடகி பாடுவதை மீட்டரில் அளந்து ஒப்பிடலாம் என்றால், யாரும் இரண்டு முறை ஒரே அளவில் பாடுவதில்லை. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பாடகி உட்காரும் நாற்காலியில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து அதில் பிங்க் நாய்ஸ் (தாழ்ந்த சுரம் முதல் உயர்ந்த சுரம்வரை எல்லாம் கலந்த சோதனை இரைச்சல்) போடுங்கள். பார்வையாளர் இருக்கையில் ஒலிமானியை வைத்து 30 வினாடி சராசரி எடுங்கள். அதே நேரத்தில் பதிவு மைக் அதைப் பதியட்டும். பிறகு சின்ன ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, பதிவைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டு, அதே இருக்கையில் அதே எண் வரும்வரை வால்யூமைத் திருப்புங்கள். அரை டெசிபலுக்குள் வந்தால் போதும். வந்ததும் வால்யூம் குமிழ் மீதும் மைக் கெயின் (மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும்) குமிழ் மீதும் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டில் ஒன்று நகர்ந்தாலும் எல்லாம் முதலிலிருந்து.

இதே பிங்க் நாய்ஸ் இன்னொன்றும் சொல்லும். மூன்றிலொரு ஆக்டேவ் அலைவரிசைப் படத்தை (ஒலியைச் சிறு சிறு பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் அளவையும் காட்டுவது) இரண்டு முறையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் மேடு தெரிந்தால் அது மைக்கின் வேலையாக இருக்கலாம். பாட்டுப் பதிவுக்கென்று செய்த பெரிய டயஃப்ரம் (ஒலியில் அதிரும் மெல்லிய சவ்வு) உள்ள கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் அந்த மேடு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். ஆகவே இந்தக் காட்சிக்குச் சிறிய டயஃப்ரம் கொண்ட, எல்லாச் சுரங்களையும் மேடு பள்ளமின்றித் தட்டையாகப் பிடிக்கும் மைக்தான் ஏற்றது. 34 ஹெர்ட்ஸிலோ 50 ஹெர்ட்ஸிலோ முழக்கம் தெரிந்தால் அது அறை: சிறிய அறை ஒன்றில் 5 மீட்டர் நீளம் 34 ஹெர்ட்ஸையும் 3.4 மீட்டர் அகலம் 50 ஹெர்ட்ஸையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கிதாருக்கு இது பெரிதாகத் தெரியாது. அதன் மிகத் தாழ்ந்த நரம்பே 82 ஹெர்ட்ஸ்தான். கண்காட்சிகளில் கிதாரையும் பெண் குரலையும் விரும்பித் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அறையின் மிக மோசமான பகுதியை அவை அதிகம் தொடுவதில்லை.

இனி ஸ்பீக்கரால் மறைக்க முடியாதவை. முதலாவது, திடீரென எழும் உச்சம். கடையில் விற்கும் பாட்டுகளில் உச்சங்கள் ஏற்கெனவே வெட்டி அடக்கப்பட்டிருக்கும். அப்போதுதான் எடுத்த பதிவில் அது இல்லை. சராசரிக்கும் உச்சத்துக்கும் 20 டெசிபல் இடைவெளி சாதாரணம், அதாவது நூறு மடங்கு ஆற்றல். ஒரு வாட்டுக்கு 1 மீட்டரில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்றால், 100 வாட்டில் 106. நீங்கள் 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்த வெளிக் கணக்கில் 12 குறைந்து 94; அறையின் உதவியாலும் இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாலும் சில டெசிபல் திரும்பக் கிடைக்கும். குரலுக்கும் கிதாருக்கும் இது போதும். டிரம்ஸுக்குப் போதாது, ஸ்னேர் டிரம்மை ஓங்கி அடித்தால் அருகில் 120 டெசிபலைத் தொடும். ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அங்கே உச்சத்தை வெட்டிவிடும், அடி சப்பென்று விழும். இரண்டாவது, சூடு. ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் வாய்ஸ் காயிலின் செம்புக் கம்பி ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் மின்தடை கூடும். நூறு பாகை ஏறினால் தடை 39 சதவீதம் கூடி, ஒலி 3 டெசிபல்வரை குறையும். பாடல் முதல் நிமிடத்தில் துள்ளலாகவும் பத்தாவது நிமிடத்தில் சோர்வாகவும் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். நிஜப் பாடகி அப்படிச் சோர்வதில்லை.

மூன்றாவது நுணுக்கமானது: ஒலி அறைக்குள் பரவும் விதம். இதைச் சோதிக்க நடு இருக்கையை விட்டு எழுந்து வெளியே போங்கள். கதவைத் திறந்துவைத்து நடைபாதையில் நின்று கேளுங்கள். உள்ளே ஆள் பாடுகிறாரா, ஸ்பீக்கர் பாடுகிறதா என்று அங்கிருந்து பெரும்பாலும் தெரிந்துவிடும். அங்கே ஸ்டீரியோ மாயம் எதுவும் வேலை செய்யாது. மொத்த ஆற்றலின் நிறமும் (உயர்சுரம், தாழ்சுரங்களின் விகிதம்) உச்சங்களின் உயரமும்தான் வெளியே வரும். ஸ்பீக்கர் நேர் முன்னால் மட்டும் சமமாக ஒலித்து, பக்கவாட்டில் உயர்சுரங்களை இழந்தால் வெளியே வரும் ஒலி மங்கலாக இருக்கும். நடு இருக்கையில் ஆள் இருப்பதுபோல ஒலித்து, கதவுக்கு வெளியே பெட்டிபோல ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் ஏராளம்.

நடு இருக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே பாடகி தோன்றுவது ஒரு மாயத்தோற்றம். இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்குக் கொஞ்சம் தாமதமாகவும், வலது ஸ்பீக்கரின் ஒலி இடது காதுக்கு அப்படியேயும் வந்து மோதுவதால் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும். சொற்களின் தெளிவு தங்கியிருக்கும் இடம் அது. நிஜப் பாடகியிடம் அந்தப் பள்ளம் இல்லை. தனிக் குரலையோ தனிக் கருவியையோ ஒப்பிடுவதானால் ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், அந்த ஸ்பீக்கர் பாடகியின் நாற்காலிக்குப் பக்கத்தில். இதுதான் ஆகக் கண்டிப்பான சோதனை. கண்காட்சிகளில் யாரும் இதைச் செய்யாததற்குக் காரணம், ஒற்றை ஸ்பீக்கரைக் காட்டி ஒரு ஜோடியை விற்பது கடினம் என்பதுதான் என்று நினைக்கிறேன். 1933இல் பெல் ஆய்வுக்கூடம் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவின் கச்சேரியைத் தொலைபேசிக் கம்பி வழியே வாஷிங்டன் அரங்குக்கு அனுப்பிக் காட்டியபோது இரண்டுக்குப் பதில் மூன்று தடங்கள் வைத்தார்கள். நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் இருந்தால் எல்லா இருக்கையிலும் நடு நடுவாகவே இருக்கும்.

நடத்துவதைப் பற்றி. ஏசியை ஓடவிட்டு அறையின் சத்தத்தை அளந்து பாருங்கள். 45 டெசிபல் காட்டினால் பதியும் நேரத்தில் அதை நிறுத்தத்தான் வேண்டும், 35க்குக் கீழே வந்தால் நல்லது. பதிவில் சேர்ந்த இரைச்சல் போட்டுக் காட்டும்போது நிஜ இரைச்சலோடு சேர்ந்து இரட்டிக்கும், அதை வைத்தே பலர் பதிவு எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்து அறையில் இன்னொருவர் ஸ்பீக்கர் விற்றுக்கொண்டிருந்தால் அவருடன் நேரம் பேசிவையுங்கள், வேறு தீர்வு கிடையாது. அளவு சரிபார்ப்பை வெற்று அறையில் செய்யாதீர்கள்; நாற்பது பேர் உட்கார்ந்தால் உயர்சுரங்கள் விழுங்கப்பட்டு எதிரொலி நேரமே மாறிவிடும். பதியும்போது ஸ்பீக்கர் முற்றாக அணைந்திருக்க வேண்டும், கண்காணிப்பு மூடிய ஹெட்போனில் மட்டும். இல்லாவிட்டால் ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்கே திரும்பிப் போய் ஊளை கேட்கும், ஊளைக்குச் சற்று முன்வரை போனாலே குரலில் ஒரு உலோகச் சாயல் ஏறிவிடும்.

டிஜிட்டல் பதிவின் நுணுக்கத்தை 24 பிட், மாதிரியெடுக்கும் வேகத்தை 96 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஸ்டீரியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 எம்பி, பத்து நிமிடத்துக்கு 350. ஒத்திகை உச்சத்தை ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 14 அல்லது 15 டெசிபலில் நிறுத்துங்கள் (சுழிதான் உச்சவரம்பு). ஆட்கள் முன்னால் பாடும்போது எல்லோருமே சில டெசிபல் ஏறிப் பாடுவார்கள். டிஜிட்டலில் சுழியைத் தாண்டினால் உடைந்ததுதான், மீட்க வழியில்லை. இரண்டாவது ரெக்கார்டர் ஒன்றை 10 டெசிபல் குறைவாக ஓடவிடுவது காப்பீடு. ஒவ்வொரு மைக்கையும் விரலால் மெல்லத் தட்டி இடது வலது சரிபாருங்கள். அவையிலிருந்து பார்க்கும்போது இடப்பக்கம் இருப்பவர் இடது ஸ்பீக்கரில் வர வேண்டும். மேடைப் பக்கம் நின்று அவையைப் பார்த்தபடி வயரிங் செய்தவர் இதைத் தலைகீழாக்குவது சர்வசாதாரணம். ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் நடுக்குரல் காணாமல்போய் அடிச்சுரமும் மெலியும். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை, கருவியின் மாதிரியெடுக்கும் வேக அமைப்பு தவறி 44.1இல் ஓட்டினால் பாட்டு ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) இறங்கும். பாடகிக்கு முகம் மாறும், அவையில் பாதிப் பேர் ‘அனலாக் இதம்’ என்பார்கள்.

உர்ரென்ற மின்சார முனகல் வந்தால் பதிவுக் கருவி, ஆம்ப், கணினி எல்லாவற்றையும் ஒரே மின் இணைப்புப் பலகைக்குக் கொண்டுவாருங்கள், சமநிலை (பேலன்ஸ்டு) வயர் பயன்படுத்துங்கள், விளக்கை மங்கவைக்கும் டிம்மர்களை அணையுங்கள். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றி முனகலைத் தீர்க்கும் வழக்கம் உயிருக்கு ஆபத்து, செய்யவே வேண்டாம். போட்டுக் காட்டும்போது கிதாரை மேடையில் சாய்த்து வைத்திருந்தால் அதன் நரம்புகள் ஸ்பீக்கரின் ஒலிக்குத் தாமாக அதிரும், ஸ்னேர் டிரம் கிறுகிறுக்கும். நரம்பின் மீது துணி போடுங்கள், ஸ்னேர் கம்பியைத் தளர்த்துங்கள், பியானோவின் மிதியில் யாரும் கால் வைக்காமல் பாருங்கள்.

டேப் ரெக்கார்டரில் பதிந்து காட்டுவதும் இப்போது கண்காட்சிகளில் விரும்பப்படுகிறது. பத்தரை அங்குலச் சுருள், 762 மீட்டர் டேப், வினாடிக்கு 38 செ.மீ. வேகத்தில் 33 நிமிடம் ஓடும். இங்கே வழக்கமான விபத்து, பதிந்த இயந்திரமும் ஓட்டும் இயந்திரமும் வேறு வேறு ஈக்வலைசேஷனில் (உயர்சுரங்களையும் தாழ்சுரங்களையும் கூட்டிக் குறைக்கும் முறை) இருப்பது. இந்த வேகத்தில் அமெரிக்க என்ஏபி முறையில் பதிந்ததை ஐரோப்பிய ஐஇசி முறையில் ஓட்டினால் உயர்சுரங்கள் 3 டெசிபல்வரை குறையும், 50 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் கூடும். கேட்க இதமாகத்தான் இருக்கும். நிஜத்தோடு ஒப்பிட்டால் தவறு. நேரடியாக லாக்கர் (மென்பூச்சுள்ள) இசைத்தட்டில் வெட்டிக் காட்டினால் முதல் முறை போடுவதே சிறந்தது, ஊசி போகப் போக அந்த மென்பூச்சுத் தேயும்.

இதுவரை சொன்னவை அளந்து காட்டக்கூடியவை. இனி வருபவற்றில் சண்டை ஓயவில்லை. 96 கிலோஹெர்ட்ஸ், டிஎஸ்டி (இன்னொரு உயர்தர டிஜிட்டல் பதிவு முறை) எல்லாம் காதுக்கு வித்தியாசம் தருமா என்பதில் 2007இல் வெளியான மேயர், மோரன் சோதனையில் கேட்டவர்களால் சிடி தரத்தைப் பிரித்தறிய முடியவில்லை. 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரியாக 52.3 சதவீதம் சரியான விடைகள் வந்தன. குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 வரும். ஆகவே ஏதோ மெல்லிய வித்தியாசம் இருக்கலாம், கண்காட்சி அறையில் அது பொருட்டல்ல. அறையின் இரைச்சல் 35 டெசிபல், மைக்கருகே உச்சம் 110 என்றால் நமக்கு வேண்டியது 75 டெசிபல் இடைவெளி. 16 பிட்டே 96 தருகிறது. பதியும்போது 24 பிட் வேண்டும் என்பது உச்சத்துக்கு இடம் விட மட்டும். டேப்பில் பதிந்தால் இயற்கையாக இருக்கிறது என்பதற்கு, டேப் சேர்க்கும் மூன்றாம் ஹார்மோனிக்கும் (மூலச் சுரத்தின் மூன்று மடங்கு அலைவரிசையில் சேரும் ஒலி) அடிச்சுர மேடும் அளக்கக்கூடிய காரணங்கள். அவை சிலருக்குப் பிடிக்கிறது என்பது உண்மை. பிடிப்பதும் நிஜத்துக்கு அருகில் இருப்பதும் வேறு வேறு.

உங்கள் அனுபவத்துக்குத் திரும்பினால், நீங்கள் கேட்ட முறையிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. ஒலியின் நுண்விவரத்தைக் காது வைத்திருப்பது சில வினாடிகள்தான். பத்து நிமிடம் பாடி, பிறகு பத்து நிமிடம் போட்டால், ஒவ்வொரு இடத்தையும் பத்து நிமிடத்துக்கு முந்தைய நினைவோடு ஒப்பிடுகிறீர்கள். அதற்குள் நினைவில் மீதமிருப்பது “நன்றாக இருந்தது” என்பது மட்டும். கூடவே பாடகி கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். கண் சொல்வதைக் காது மறுப்பதில்லை. உங்கள் குழு நடத்தும்போது ஒலி ஊடுருவும் மெல்லிய திரை ஒன்றைப் போட்டு, பாடகியையும் ஸ்பீக்கரையும் அதன் பின்னால் வையுங்கள். 20 வினாடித் துண்டுகள் பன்னிரண்டு, எது நிஜம் எது பதிவு என்பது நாணயம் சுண்டி முடிவாகட்டும், அவையோர் சீட்டில் எழுதட்டும். ஒருவர் 12க்கு 9 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 7 சதவீத வாய்ப்பு உண்டு. 10 என்றால் 2 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் 10ஐத் தாண்டினால் மனம் தளர வேண்டாம், அது எதிர்பார்க்க வேண்டியதே. எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்: இரைச்சலா, எதிரொலியா, உச்சமா, நிறமா? முதல் இரண்டும் பதிவின் குறை, பின்னிரண்டில்தான் ஸ்பீக்கரின் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். பதிந்த பாட்டைப் பிறகு என்ன செய்வீர்கள் என்பதைக் கலைஞர்களுடன் முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். காட்டியதும் அழித்துவிடுவதானால் அதையும் எழுதுங்கள்.

வாங்கலாமா என்பதற்கு: அந்தக் காட்சியை மட்டும் நம்பி வாங்காதீர்கள், அதை ஒதுக்கவும் வேண்டாம். அந்த அறையில் உச்சங்கள் சுருங்காமல் வந்திருந்தால், கதவுக்கு வெளியேயும் குரல் குரலாகக் கேட்டிருந்தால் அந்த ஸ்பீக்கரைப் பட்டியலில் வையுங்கள். அதன் பிறகு இதைச் செய்யுங்கள். உங்களுக்கு நன்கு பழகிய ஒருவரை, சுவர் எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த வெளியில், காற்று இல்லாத நேரத்தில் நிறுத்தி, தட்டையான ஒரு மைக்கை ஒரு மீட்டரில் வைத்து, இரண்டு நிமிடம் சாதாரணமாகப் பேசச் சொல்லிப் பதியுங்கள். பாட வேண்டாம், பேச்சில்தான் காது மிகக் கறாரானது. ஸ்பீக்கரை வாங்கும் இடத்துக்கு அவரையே அழைத்துப் போய், ஒரே ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, அவர் ஒரு வரி பேச, ஸ்பீக்கர் ஒரு வரி பேச, மாறி மாறிக் கேளுங்கள். சத்தத்தை அவர் பேசும் அளவுக்கே வையுங்கள். நெஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோலத் தடித்தால் 100 முதல் 200 ஹெர்ட்ஸ்வரை கூடுதல், மூக்கால் பேசுவதுபோல இருந்தால் 1,000 ஹெர்ட்ஸ் பக்கம், ‘ச’வும் ‘ஸ’வும் சீறினால் 6,000க்கு மேல். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து அரை மீட்டர் நகர்த்தியும் ஒரு முறை கேளுங்கள், முதல் குறை அதோடு போய்விட்டால் அது ஸ்பீக்கருடையது அல்ல.